லால்பாக்கில் ஒரு ஞாயிறு

குளியலறைக்குள் முதல் சொம்புத் தண்ணீர் விழுந்ததும் கஸ்தூரி முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவில் தோளைச் சாய்த்து உட்கார்ந்தாள். இனி ஒரு மணி நேரத்துக்கு இந்த இடத்தை விட்டு நகர முடியாது. உள்ளே குளிப்பது அவள் மகன் அதியன். இருபத்தெட்டு வயது, நிலையில் தலை இடிக்கிற உயரம், அப்பா துரைக்கண்ணுவைப் போலவே அகலமான முதுகு. பேச்சு கிடையாது. மூன்று வயதில் வந்த நாலைந்து வார்த்தைகளும் நான்கு வயதில் வந்த வழியே போய்விட்டன. ஆனால் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் தொண்டைக்குள்ளிருந்து ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வரும், அது வந்துகொண்டிருக்கிறவரைக்கும் அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தம். தாழ்ப்பாளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அதனால் வெளியே யாராவது கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் அது தானாகத் திறந்துகொள்ளும், திறந்தால் அவனுக்குப் பொறுக்காது. இருபது வருஷமாகக் கஸ்தூரி பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய யோசனைகள் எல்லாம் இந்தக் கதவடியில்தான் நடக்கும். இன்றைக்கு யோசிக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவனைப் பெங்களூரின் அந்தப் பெரிய தோட்டத்துக்கு, லால்பாக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாள் முழுக்கச் சுற்றிக் காட்டி, நல்ல ஓட்டலில் மேசைக்கு முன்னால் உட்கார வைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை காலையில் ஓசூர்ப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற இல்லத்தில் கொண்டுபோய் அவனை விட வேண்டும். விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வர வேண்டும். திங்கட்கிழமையைப் பற்றி நினைக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நினைக்க வேண்டும் என்று காலையில் எழுந்தபோதே அவள் தீர்மானம் செய்திருந்தாள். இன்றைக்கு வியாழன்.

எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டால் நல்லது. முனிராஜ் ஆட்டோ. முனிராஜுக்கு அதியனைத் தெரியும், ஹார்ன் அடிக்க மாட்டான், பாட்டுப் போட மாட்டான், பள்ளத்தில் இறக்கும்போது “அதி அண்ணா, பள்ளம்” என்று சொல்லிவிட்டுத்தான் இறக்குவான். பின்சீட்டில் நடுவில் அவன், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். வீடு இருக்கிற அல்சூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரை மணி நேரம்கூட ஆகாது. இறங்கியவுடன் கம்பிவேலி வரும். கம்பிவேலி இருந்தால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டுதான் அவன் நடப்பான், ஒன்று விட்டுப்போனால் திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வருவான், பின்னால் வருகிறவர்கள் நின்று நின்று பார்ப்பார்கள். அதனால் வாசலுக்கு நேராக, சரியாக வாசலுக்கு முன்னால் இறக்கச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் முதலில் கண்ணாடி மாளிகை. மலர்க் கண்காட்சி நடக்கிறது, பூவாலேயே பெரிய மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்களாம். அவனுக்குப் பூ பிடிக்குமோ பிடிக்காதோ, மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் கட்டம் கட்டமாகத் தரையில் விழுமே, அது பிடிக்கும். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வரிசையில் அவனுக்கு முன்னால் யாராவது ஒரு பெண் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் மூக்கை அந்தக் கூந்தலுக்குக் கொண்டு போவான், அவனுக்கு மனுஷர்களைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது, வாசனை பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அவள் திரும்புவாள். அவள் புருஷன் திரும்புவான். கஸ்தூரியிடம் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது, தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழும். அவன் சட்டையை யாராவது பிடிப்பார்கள். அவன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான், கடித்துக் கடித்துக் காய்ப்பு ஏறின அந்த மணிக்கட்டை, அப்புறம் கை ஓங்கும். அந்தப் பெண் விழுவாள், பூ மண்டபத்தின் ஒரு மூலை சரியும், காவலாளிகள் ஓடி வருவார்கள், நூறு பேர் வட்டம் கட்டி நின்று செல்போனில் படம் பிடிப்பார்கள். கஸ்தூரி கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சரி, கண்ணாடி மாளிகை வேண்டாம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஏரி.

ஏரிக்கரையில் நடப்பது நல்லதுதான், காற்று வரும், நீர்க்காகம் கட்டையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், அவன் நின்று பார்ப்பான். ஆனால் தண்ணீர். இவ்வளவு தண்ணீரை அவன் கிட்டத்தில் போய்ப் பார்த்ததே இல்லை. ஒரு பக்கெட் தண்ணீருக்கு இப்படி ரீங்காரம் போடுகிறவன் ஏரி முழுக்கத் தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வான், செருப்போடு நேராக இறங்குவான், அவனுக்கு அது தப்பென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் இவள் பிடித்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் அவர். அவரால் பிடிக்க முடியாது. நெஞ்சைத் திறந்து தைத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இவளால் மட்டும் முடியுமா. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் கழுத்தடியில் காறை எலும்பு இன்னும் சொடுக்குகிறது. மார்கழியில் உடைந்தது. மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது, அவர்கள் குக்கரை வைத்துவிட்டார்கள், விசில் அலறியது, இந்த வீட்டில் இருபது வருஷமாக விசில் சத்தமே கிடையாது, அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், இவள் குறுக்கே நின்றாள். அவ்வளவுதான். அடிக்கவில்லை. தள்ளினான். தள்ளக்கூட இல்லை, அவன் ஓடின வழியில் இவள் நின்றாள். அலமாரி முனையில் தோள் இடித்துக் கீழே விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் இவளுக்கே கேட்டது. சத்தம் அடங்கினதும் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இவள் தலைமுடியில் மூக்கை வைத்து மோந்துகொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கும்வரைக்கும் மோந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அந்த ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துரைக்கண்ணு சொன்னார், “நமக்கப்புறம்னு யோசிச்சிட்டிருந்தோம் கஸ்தூரி. நாம இருக்கும்போதே முடியலியே.” அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பியதுதான் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். சம்மதம்தானா அது. அன்றைக்குத் திரும்பாமல் இருந்திருந்தால். தோள் வலித்தது, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, அதனால்தான் திரும்பினாள், வலியால்தான். வலியால்தானா.

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. “அதி,” என்றாள். விரலால் கதவைத் தட்டினாள். “அதி, கண்ணு.” உள்ளே சொம்பு ஒருமுறை சுவரில் தட்டியது. அவள் மூச்சு திரும்ப வந்தது. மறுபடி தண்ணீர் விழுந்தது.

“தொட்டியில எவ்ளோ இருக்கு,” என்று கூடத்திலிருந்து துரைக்கண்ணு கேட்டார்.

“இருக்கு. மோட்டார் போட வேணாம்.”

“மேல் வீட்டுக்காரங்க நேத்தே சொன்னாங்க, தண்ணி வரலன்னு.”

“இன்னும் நாலு நாள்தானே. பொறுத்துக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. நாலு நாள். அங்கே ஆளுக்கு ஒரு பக்கெட். இல்லத்தைப் பார்க்கப் போனபோது குளியலறைகளைக் காட்டினார்கள், வரிசையாக ஆறு, சுத்தமாக இருந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுப்பில் இருந்த பிரிசில்லா என்கிற அந்த அம்மாள் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் கேட்டாள், என்ன சாப்பிடுவார், எப்போது தூங்குவார், எதற்குக் கோபம் வரும். கஸ்தூரி எல்லாவற்றையும் சொன்னாள். குளிக்கிற ஒரு மணி நேரத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று விடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை. வேண்டாம் என்று விட்டிருந்தால் நல்லதுதானே, அப்படியென்றால் ஏன் பயந்தாள். ஒரு பக்கெட் முடிந்ததும் அவன் சொம்பை நீட்டிக்கொண்டு நிற்பான். காலியான பக்கெட்டைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். கதவுக்கு வெளியே அவன் அம்மா இருக்க மாட்டாள். “முதல் ரெண்டு மாசம் பாக்க வராதீங்கம்மா, அவங்க பழகறதுக்கு அதான் நல்லது,” என்று பிரிசில்லா சொல்லியிருந்தாள். ரெண்டு மாசம் என்றால் என்ன என்று அவனுக்கு யார் சொல்வார்கள். நாளைக்கு என்கிற வார்த்தையே அவனிடம் கிடையாது. இல்லை, திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குக் கிளம்பினால், முனிராஜ், வாசலுக்கு நேராக, கண்ணாடி மாளிகை வேண்டாம், ஏரி வேண்டாம்.

பாறை இருக்கிறது. லால்பாக்கில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம் அந்தப் பெரிய பாறைதான், ஏனென்றால் அங்கேதான் அவர்கள் போயிருக்கிறார்கள், ஒரே ஒரு தடவை. அதியனுக்கு அப்போது நாலு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் ஒரு டாக்டர் அவனை ஒரு மணி நேரம் பொம்மை கொடுத்துப் பார்த்துவிட்டு, பெயரைச் சொன்னார், இது இப்படித்தான் இருக்கும் என்றார், கன்னடத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். வெளியே வந்து ஆட்டோ ஏறினார்கள். வீட்டுக்குப் போகச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. போகிற வழியில் மரமாகத் தெரிந்த இடத்தில் துரைக்கண்ணு நிறுத்தச் சொன்னார். பாறை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அதியன் இவள் மடியில் தூங்கிவிட்டான். ஊர் முழுக்கத் தெரிந்தது, எவ்வளவு வீடு, எவ்வளவு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளேயும் பேசுகிற பிள்ளைகள். துரைக்கண்ணு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினார். இவளுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றாக உரித்து உரித்து அவரே தின்றார், பொட்டலம் தீரும்வரை, நிறுத்தாமல், வாயில் முந்தினது இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுக்கொண்டு. அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் வருஷக் கணக்கில் இருந்தது. ஒரு மனுஷனுக்கு அப்போது எப்படிச் சாப்பிடத் தோன்றும் என்று. எத்தனையோ சண்டையில் அந்தக் கடலையைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவர் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் தின்றார் என்பது இவளுக்குப் பிடிபடவே பத்து வருஷம் ஆனது. அந்தப் பாறைக்கு இப்போது அவனைக் கூட்டிப் போகலாம். திறந்த வெளி, இடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, காற்றடித்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்பான், காற்றைக் குடிக்கிறவன் மாதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் கூட்டம் இருக்கும். குழந்தைகள் சறுக்கி விளையாடும். ஒரு குழந்தை வீலென்று கத்தும், விளையாட்டாகத்தான் கத்தும், அவன் காதைப் பொத்துவான், ஓடுவான், அந்தச் சரிவில் அவன் ஓடுகிற வழியில் யார் நின்றாலும். யாரோ ஒரு அம்மா. யாரோ ஒரு குழந்தை. கல்லில் மண்டை மோதும். ரத்தம் பாறையில் எப்படி இறங்கும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. போலீஸ் வரும். இந்த மாதிரிப் பிள்ளையை ஏன் வெளியே கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்பார்கள். இனிமேல் வரமாட்டோம் என்று அவள் சொல்வாள். நாளைக்கே கொண்டு போய் விட்டுவிடுகிறோம், எல்லாம் ஏற்பாடு செய்தாயிற்று என்று சொல்வாள்.

பாறையும் வேண்டாம். சாப்பாட்டையாவது ஒழுங்காக யோசிக்க வேண்டும். தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகலாம், ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனி டப்பாவில், தொட்டுவிட்டால் சாப்பிட மாட்டான். புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அது வேண்டாம் என்றுதான் அவள் முதலிலேயே நினைத்தாள். ஓட்டல் வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றில், மேசை நாற்காலியில், தட்டு வந்து வைக்கிற இடத்தில், அவன் ஒரு தடவை எல்லாரையும் போல உட்கார்ந்து சாப்பிட்டு வர வேண்டும். ஏழு வயதுக்கு அப்புறம் அவனை எந்த ஓட்டலுக்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. கடைசியாகப் போனது சிவாஜிநகரில் ஒரு சின்ன ஓட்டல், இப்போது அது இல்லை. பக்கத்து மேசைக்குப் பூரி வந்தது. பந்து மாதிரி உப்பின பூரி. அவன் எழுந்து போய் அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிட்டான், எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான், சூட்டுக்காக. அந்த மேசையில் இருந்தவர்கள் நல்லவர்கள். திட்டவில்லை. அந்த அம்மாள் மிச்சமிருந்த பூரியையும் தட்டோடு இவர்கள் மேசைக்கு நகர்த்தி வைத்து, “பரவால்ல, குழந்தைதானே, சாப்பிடட்டும்,” என்றாள். சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளை நாற்காலியோடு கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதலிலேயே பூரி சொல்லிவிட வேண்டும், இரண்டு செட், வேறு எந்த மேசைக்கும் போவதற்கு முன்னால் அவன் முன்னால் வந்துவிட வேண்டும். பரிமாறுகிறவரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்த ஓட்டலிலும் இடம் கிடைக்காது, வெளியே பேர் எழுதி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், அவன் எப்படி நிற்பான். உள்ளே போனாலும் பாத்திரச் சத்தம், தட்டுச் சத்தம், குழந்தைச் சத்தம், சமையலறைக்குள் எங்கேயோ ஒரு குக்கர். மேசை கவிழும். சூடான சாம்பார் யார் மேலேயோ.

“கஸ்தூரி.”

துரைக்கண்ணு வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். கையில் மடித்த பேப்பர். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு கேக்கணும். ஏன் ஞாயித்துக்கெழம?”

“அப்பதானே பூக் கண்காட்சி.”

“அது எல்லா நாளும்தான் நடக்குது. ஞாயித்துக்கெழம ஜனம் தாங்காதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். வண்டி நிறுத்தக்கூட எடமில்லையாம். நாம ரெண்டு பேரும் ரிட்டையர்டு ஆளுங்க. எந்த நாள் வேணா போலாமே.”

“கடைசி நாளா இருக்கட்டும்னு.”

“சரி,” என்றார் அவர். ஆனால் போகவில்லை, அங்கேயே நின்றார், துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தபடி.

ஏன் ஞாயிற்றுக்கிழமை. உள்ளே தண்ணீர் விழுந்தது, அவன் ரீங்காரம் போட்டான், அவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தக் கேள்வி முள் மாதிரி ஒரு இடத்தில் ஏறி நின்றது. விடிகாலையில் போனால் நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். கண்ணாடி மாளிகைக்கு வெளியே நின்றே வெளிச்சத்தைப் பார்க்கலாம். சாலை காலியாக இருக்கும், கம்பி கம்பியாகத் தொட்டுக்கொண்டு அவன் பாட்டுக்கு நடக்கலாம். ஓட்டல் கதவு திறக்கும்போதே போய் உட்கார்ந்தால் மூலை மேசை கிடைக்கும். இவ்வளவும் தெரிந்தும் அவள் பார்த்துப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாள், அதிலும் கூட்டம் நெரிகிற நேரத்தை. எட்டு மணிக்குக் கிளம்பி நாள் முழுக்க, எல்லா இடத்துக்கும், ஓட்டலுக்கும், எந்தப் பிள்ளையாலும் தாங்க முடியாத ஒரு நாளை அவனுக்கென்று திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பெண் விழுவது, பாறையில் மண்டை மோதுவது, சாம்பார் கொட்டுவது, இதெல்லாம் பயம் என்றுதான் இத்தனை நேரமும் நினைத்தாள். பயம் வந்தால் வயிறு இறுகும், அவளுக்குப் பயத்தைத் தெரியும், இருபத்தைந்து வருஷப் பழக்கம். இந்தப் படங்கள் வந்தபோது வயிறு இறுகவில்லை. இறங்கியது. இடுப்பில் இருந்த குடத்தைக் கீழே வைத்தது மாதிரி ஒவ்வொரு தடவையும் உள்ளே எதுவோ இறங்கி உட்கார்ந்தது. நூறு பேர் பார்க்க அவன் யாரையாவது அடித்துவிட்டால், போலீஸே வந்து சொல்லிவிட்டால், அப்புறம் அவள் அவனை விடவில்லை, அவனை வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று என்று ஆகிவிடும். யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் தன்னைக் கேட்க மாட்டாள். அதற்காக யாரோ பெற்ற பிள்ளையின் மண்டையைப் பாறையில் மோத வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தக் கதவடியில், ஈரக் காலோடு. தன் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் மிருகம் மாதிரி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பூரி இரண்டு செட் என்று யோசித்துக்கொண்டு. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருக்கிறவனுக்கு இது தெரியக் கூடாது, வாசனையில்கூடத் தெரியக் கூடாது.

“நான் வரல கஸ்தூரி,” என்றார் துரைக்கண்ணு. “அதச் சொல்லத்தான் வந்தேன். நீயும் முனிராஜும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.”

“ஏன்?”

அவர் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டினார். “நல்லா இருந்துட்டான்னா?”

“என்ன?”

“அங்க வந்து நல்லா இருந்துட்டான்னா. ஒண்ணும் பண்ணாம, சமத்தா நடந்து, சாப்பிட்டு. சிரிச்சான்னு வையி. அதப் பாத்துட்டு மறுநாள் நான் எப்படி வண்டியில ஏத்துவேன். என்னால ஆவாது. அதான் நான் பாக்காமலே இருந்துடறேன்.”

கஸ்தூரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பேப்பர் அவர் கையில் சுருண்டு, கசங்கி, குழலாகி இருந்தது. இந்த மனுஷன் அவன் நன்றாக இருந்துவிடுவானோ என்று பயந்துகொண்டிருக்கிறார், இத்தனை நாளாக, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

“நான் அவன் ஏதாவது பண்ணிடட்டும்னு பாத்துட்டிருந்தேங்க,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “இப்பதான் தெரியுது. அத்தன கூட்டத்துல யாரையாவது அடிச்சுட்டான்னா, விட்டுட்டு வர்றது சுலபமா இருக்கும்னு. அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம.”

துரைக்கண்ணு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். திட்டினாலும் சரி என்றிருந்தது. அவர் மெதுவாகச் சுவரோடு சரிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் தரையில் உட்கார்ந்ததில்லை. எழுப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

“அவன் அப்படிப் பண்ற ஆள் இல்லம்மா,” என்றார்.

“தெரியும்.”

“கூட்டமில்லன்னா ஒண்ணுமே பண்ண மாட்டான்.”

“தெரியும்ங்க.”

கதவுக்குக் கீழே இருந்து தண்ணீர் கோடாகக் கசிந்து வந்து அவர் வேட்டியைத் தொட்டது. அவர் நகரவில்லை. கஸ்தூரிக்கு அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. அவனை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் பனியனுக்கு மேலே தெரிந்த தையல் தழும்பைப் பார்த்தாள். தன் தோளைத் தூக்கிப் பார்த்தாள், சொடுக்கியது. நாளைக்கே இவரும் போய்த் தானும் போனால் அந்தக் கதவைப் பிடிக்க யார் வருவார்கள், யாரோ தெரியாத ஒருவர் வந்து ஒரே நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு போவார், எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்த யோசனையில் மாற்றமில்லை. அது எத்தனை தடவை சுற்றி வந்தாலும் அங்கேயேதான் வந்து நின்றது. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“நாளைக்குப் போலாம்,” என்றாள்.

“நாளைக்கா?”

“காலையில. இருட்டு பிரிஞ்சதும். வாக்கிங் போறவங்க மட்டும்தான் இருப்பாங்க. ஒரே ஒரு எடம் போதும், பாறை மட்டும். அங்கருந்து எறங்கி டிபன்.”

அவர் யோசித்தார். “நாளைக்குப் போனா அவன் நல்லாத்தான் இருப்பான் கஸ்தூரி.”

“இருக்கட்டும்.”

“சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்ங்க. பாத்துக்கலாம்.”

“அப்புறம் திங்கக்கெழம எப்படிக் கொண்டு போய் விடுவ?”

“அழுதுகிட்டேதான்,” என்றாள் கஸ்தூரி.

உள்ளே சொம்பைக் கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது. குளியல் முடிந்தது. அவள் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இடது கையைத் துரைக்கண்ணுவுக்கு நீட்டினாள். அவர் அந்தக் கையையும் சுவரையும் பிடித்து இரண்டு மூச்சில் எழுந்து நின்றார். வேட்டியின் ஈரத்தை உதறிக்கொண்டு கூடத்துக்குப் போனார். கதவைத் திறந்தபோது ஆவியோடு அதியன் நின்றான், விரல் நுனியெல்லாம் சுருங்கி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. அவள் எட்டித் துடைப்பதற்காகக் கழுத்தை வளைத்துக் கொடுத்தான். துடைத்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் துரைக்கண்ணு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், அவருக்கு எப்போதும் போனில் சத்தமாகத்தான் பேச வரும்.

“நாளைக்கிப்பா, முனிராஜ். விடிகாலைல. லால்பாக். ஆமா, அதியும் அம்மாவும்.” கொஞ்சம் நிறுத்தினார். “நானும்தான். மூணு பேர்.”